வியாழனைப் புதனாக்கியவர்

விதியை நடிக்க முடியாது. ‘ரோமியோ ஜூலியட்’ ஒத்திகை தொடங்கும் முதல் மாலையே நடிகர்களிடம் இதைச் சொல்லிவிடுவேன். பயத்தை நடிக்கலாம், பொறாமையை நடிக்கலாம், அவசரத்தை நடிக்கலாம். விதியை உடம்பில் எங்கே வைத்துக்கொள்வது? குரலைத் தாழ்த்துவார்கள், கண்ணை மேலே செருகுவார்கள், நடையை மெதுவாக்குவார்கள். பார்ப்பவருக்கு அது சோர்வாக மட்டுமே தெரியும். சாகப்போகிறவள் போல முதல் காட்சியிலேயே நடமாடும் ஜூலியட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அவள் அன்றைக்கு ஒரு விருந்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் பெண். இன்னும் 14 வயது நிறையவில்லை.

ஆனால் நாடகத்தின் வாசலிலேயே விதி நிற்கிறது. ஒருவர் வந்து 14 வரிகளில் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார்: வெரோனாவில் இரண்டு குடும்பங்கள், பழைய பகை, இரண்டு பிள்ளைகள், இருவரும் சாவார்கள், அதற்குப் பிறகே பகை ஓயும். 1623இல் வந்த முதல் ஃபோலியோ பதிப்பில் இந்த முன்னுரை கிடையாது. அதைக் காரணம் காட்டி, “முடிவை முதலிலேயே சொல்வானேன், வெட்டிவிடலாம் அக்கா” என்று கேட்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. நான் வெட்ட மாட்டேன். நான் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். அபிமன்யு சண்டை நடக்கும் இரவில், அந்தப் பிள்ளை வியூகத்துக்குள் போனால் திரும்பமாட்டான் என்பது களத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஊருக்கே தெரியும். தெரிந்தும் கிழவிகள் “போகாதடா” என்று வாய்விட்டுச் சொல்வார்கள். முடிவு தெரிந்திருப்பதால்தான் அந்தச் சொல் வாயிலிருந்து வருகிறது.

முடிவு தெரிந்திருப்பது பார்ப்பவரின் சுமை. மேடையில் இருப்பவருக்கு அது தெரியவே கூடாது. விதி அரங்கின் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சத்தில் நிற்பவரிடம் இருப்பதெல்லாம் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி. இந்த நாடகத்தை எடுத்து நடத்துவது என்றால், இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. என் அனுபவத்தில் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

ஒத்திகைக் கூடத்துச் சுவரில் நீளமான ஒரு தாளை ஒட்டி, ஞாயிறு முதல் கிழமைகளை எழுதி, ஒவ்வொரு காட்சியும் எந்தக் கிழமை, எந்த நேரம் என்று குறிப்போம். ஞாயிறு காலை தெருச் சண்டை. இரவு விருந்து, அதே இரவு ஜன்னலடியில் பேச்சு. திங்கள் கல்யாணம். திங்கள் பிற்பகல் இரண்டு கொலைகள். செவ்வாய் விடியலில் பிரிவு. இந்த வேகம் ஷேக்ஸ்பியர் கொண்டுவந்தது. அவருக்கு மூலமாக இருந்தது ஆர்தர் புரூக் 1562இல் எழுதிய நீண்ட கவிதை. அதில் கதை மாதக்கணக்கில் நடக்கிறது; காதலர்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதங்கள் ரகசியமாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். அங்கே பெண்ணுக்கு 16 நெருங்குகிறது. புரூக் தன் முன்னுரையில் பெற்றோர் சொல் கேளாத பிள்ளைகளுக்கு இது பாடம் என்கிறார். ஷேக்ஸ்பியர் மாதங்களை நாட்களாகச் சுருக்கினார், பெண்ணின் வயதைக் குறைத்தார், பாடத்தை விட்டுவிட்டார். நாட்கள் சுருங்கியதும் யாருக்கும் ஓர் இரவு தூங்கி எழுந்து மறுபடி யோசிக்க இடமில்லாமல் போயிற்று. விதி என்று நாம் உணர்வதில் பாதி இந்தச் சுருக்கத்தின் வேலை என்பது என் எண்ணம்.

அந்தத் தாளில் நான் சிவப்பு மையால் வட்டமிடுவது ஜூலியட்டின் அப்பா காபுலெட்டின் நாட்களை. நாடகத்தைப் படித்தவர்கள்கூட அவரைக் கத்துகிற கிழவர் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் வழியைத் தொடர்ந்து பாருங்கள். பெண் கேட்டு வந்த பாரிஸிடம் முதலில் அவர் சொல்வது, இரண்டு கோடை போகட்டும், குழந்தை இன்னும் சின்னவள், அவள் சம்மதம் முக்கியம் என்பது. அன்புள்ள, நிதானமான தகப்பன் பேச்சு. திங்கள் இரவு, உறவுக்காரப் பையன் டைபால்ட் செத்த துக்கம் வீட்டில் இருக்கும்போதே, அவளைக் கேட்காமல் நாள் குறிக்கிறார். முதலில் வாயில் வருவது புதன்கிழமை. இன்று என்ன கிழமை என்று பாரிஸையே கேட்கிறார். திங்கள் என்றதும், புதன் ரொம்பச் சீக்கிரம், வியாழன் இருக்கட்டும் என்கிறார். மறுநாள் ஜூலியட் துறவி லாரன்ஸிடம் போய்விட்டு வந்து, காலில் விழுந்து சம்மதம் என்கிறாள். அது பொய்ச் சம்மதம். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணத்தை நாளைக்கே, அதாவது புதனுக்கே இழுத்துவிடுகிறார். வியாழனே போதுமே, சாமான் சேராதே என்று மனைவி சொல்கிறாள். கேட்கவில்லை, ராத்திரி முழுக்க விழித்திருந்து வீட்டு வேலையைத் தானே பார்ப்பேன் என்கிறார்.

முந்தின நாள் தன் வாயாலேயே சீக்கிரம் என்று தள்ளிய புதன் அது. அந்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால், ரோமியோவுக்கு எழுதிய கடிதம் போய்ச்சேரவில்லை என்று தெரிந்ததும் லாரன்ஸ் இன்னொரு ஆளை அவன் இருக்கும் மாண்டுவாவுக்கு அனுப்ப நேரம் இருந்திருக்கும். செத்தவள்போல் கிடக்கச்செய்ய லாரன்ஸ் தந்த, புதன் இரவு குடிக்கவேண்டிய மருந்தை ஜூலியட் செவ்வாய் இரவே குடிக்கவேண்டியதாயிற்று. நாடகத்தில் எத்தனையோ சாபங்களும் வசைகளும் வருகின்றன. அவளைக் கொன்றதில் பெரும்பங்கு ஒரு தகப்பனின் சந்தோஷத்துக்கு.

ஓர் ஆண்டு எங்கள் குழுவில் காபுலெட்டாக நடித்தவர் இரண்டு பெண்களுக்கு அப்பா. நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். மகளைத் திட்டும் காட்சியில் அவருக்குக் குரல் நன்றாக எழும்பியது. நாளை மாற்றும் காட்சியில் வில்லன் சிரிப்பு ஒன்றைச் சேர்த்தார். “அண்ணே, உங்க பொண்ணு கோபத்தை விட்டுட்டு வந்து உங்ககிட்ட பேசினா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கடைக்குப் போயி கண்டதையும் வாங்கிட்டு வந்துருவேன்” என்றார். அதை வைத்துக்கொண்டு நடித்தார். சமையல் ஆட்களை விரட்டிக்கொண்டு, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேடைக்கும் விங்குக்கும் நடந்துகொண்டே இருந்தார். பார்வையாளர் பக்கம் முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு, என்ன நடக்கிறது என்று புரிந்தவர்களின் மூச்சு மாறியது. அந்த இடத்தில் ஒரு ஸ்பாட்டோ இசையோ சேர்க்க வேண்டாம் என்று ஒளி அமைப்பாளரிடம் சொல்லிவிட்டேன். விதியைச் சுட்டிக்காட்டும் வெளிச்சம் எதுவும் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

மூன்றாம் அங்கத்தின் வாள் சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடகம் அங்கேதான் திரும்புகிறது. சண்டையை எண்ணிக்கையோடு அமைப்போம்: யார் முதலில் கண்ணைப் பார்க்கிறார், யார் தயார் என்று பதில் பார்வை தருகிறார், பிறகே வாள் நகரும். ஒவ்வொரு காட்சி நாளிலும் திரை திறப்பதற்கு முன் பாதி வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவும் டைபால்ட்டும் மோதும்போது ரோமியோ குறுக்கே பாய்கிறான், அவன் கைக்கு அடியில் புகுந்து வாள் மெர்குஷியோவைக் குத்துகிறது. நல்லது நினைத்து நீட்டிய கை. அந்தக் கையின் உயரம், தோளின் கோணம் எல்லாவற்றையும் நாட்கணக்கில் செதுக்குவோம். கை சண்டையை நிறுத்த வந்தது என்பதும் அதே கைதான் மறைத்தது என்பதும் கடைசி வரிசை வரைக்கும் தெரிய வேண்டும்.

குத்திய டைபால்ட் ஓடிவிடுகிறான். பிறகு திரும்பி வருகிறான். ஏன் வருகிறான் என்று பிரதி சொல்வதில்லை. அந்தப் பாத்திரம் ஏற்கும் பையனிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒருவன் ‘வெற்றியைக் காட்ட’ என்றான். இன்னொருவன் ‘நிஜமாகவே செத்துவிட்டானா என்று பார்க்க’ என்றான். அது என்னை உலுக்கியது. டைபால்ட்டும் சின்னப் பையன்தான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ரோமியோவுக்கும் அங்கே ஒரு நொடி வேண்டும். வாளைக் கீழே போட்டுவிட்டு நடந்து போகலாம். வெரோனா இளவரசரின் சட்டமே டைபால்ட்டைப் பார்த்துக்கொள்ளும். அந்த வழி திறந்திருப்பதை அவன் பார்த்துவிட்டு வாளை எடுக்க வேண்டும். பார்க்காமல் எடுத்தால் அது வெறும் ஆத்திரம். கொன்ற பிறகு அவன் விதியைக் குற்றம்சாட்டி அலறுகிறான். அந்த வசனத்தை நடிகர்கள் ஆசையோடு பாடம் பண்ணுவார்கள். நான் அதைத் தாழ்ந்த குரலில், வேகமாகச் சொல்லச் சொல்வேன். தான் செய்ததை இன்னொருவர் மேல் சாத்தப் பார்க்கும் பையனின் முதல் சொல் அது. அதில் பெருமிதம் ஒட்டக் கூடாது.

காதல் காட்சிகளைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். எல்லிஸ் ஆர். டங்கன் 1937இல் ‘அம்பிகாபதி’ எடுத்தபோதே ஜூலியட்டின் ஜன்னலடி தமிழ்ப் படத்துக்குள் வந்துவிட்டது. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த இரவில் கல்யாணப் பேச்சை எடுப்பது ஜூலியட். நிலவைக் காட்டிச் சத்தியம் செய்ய வருகிறவனைத் தடுப்பதும், இது ரொம்ப வேகம் என்று பயந்து சொல்வதும் அவள். எண்ணம் நேர்மையானதென்றால் நாளைக்கே இடமும் நேரமும் சொல்லி அனுப்பு என்று கணக்காகப் பேசுவதும் அவளே. மயங்கிய பெண் பேச்சு இல்லை இது. வேகத்தின் ஆபத்து தெரிந்தும் தன் வாழ்க்கையைத் தானே கையில் எடுக்கிறாள். மருந்தைக் குடிக்கும் காட்சியிலும் அப்படியே. துறவி தந்தது விஷமாக இருந்தால்? அவன் வருவதற்குள் கல்லறையில் விழித்துக்கொண்டால்? டைபால்ட்டின் பிணத்துக்குப் பக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டால்? ஒவ்வொன்றாக நினைத்து, கத்தியையும் அருகில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் குடிக்கிறாள். அவள் நடுங்கலாம், அழலாம். குடிக்கும்போது கை தெளிவாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

அவள் தனியாகக் குடிக்கக் காரணம் செவிலி. செவிலியாக எங்களுக்குக் கிடைத்தவர் புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் பல வருடங்கள் வேஷம் கட்டிய அம்மா. அந்த மேடையில் ஒத்திகை என்ற பழக்கம் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பாடம் அவரவர் மனசில் இருக்கும், அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். எதிரில் இருப்பவர் என்ன செய்வார் என்று தெரியாமலே நிற்கப் பழகிய உடம்பு. அதனால் அந்த அம்மாவிடம் முடிவு தெரிந்த நடிப்பு வரவே வராது. எங்கள் பிள்ளைகளுக்கு நான் வாயால் சொல்லிக் கொடுத்ததை அவர் நின்றே காட்டிவிடுவார்.

அப்பா அடிக்காத குறையாகத் திட்டிவிட்டுப் போன பிறகு ஜூலியட் செவிலியின் மடியில் விழுகிறாள், ஏதாவது வழி சொல் என்கிறாள். ரோமியோ நாடு கடத்தப்பட்டவன், இனி வரமாட்டான், பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள் செவிலி. பல தயாரிப்புகளில் அது நாக்கில் எலும்பில்லாத கிழவியின் பேச்சாக ஒலிக்கும். அம்மா ஏற்கவில்லை. “ஏன் கண்ணு, அந்தப் பய குத்திக்கிடப் போனப்ப கத்தியைப் புடுங்குனவ நான்தானே?” என்றார். 1597இல் வந்த முதல் குவார்ட்டோ பதிப்பில் அப்படி ஒரு மேடைக்குறிப்பு உண்டு. நாங்கள் அதைப் பயன்படுத்தியிருந்தோம். “அவனைக் காப்பாத்துனவ, இப்ப இவளைக் காப்பாத்தணும்னுதான் சொல்றேன். ரெண்டு புருஷன்னு ஊருக்குத் தெரிஞ்சா இவ கதி என்ன? உசுரோட இருக்கட்டும்னு சொல்றேன்.” அந்தக் காட்சியில் அவர் ஜூலியட்டின் தலையைக் கோதிக்கொண்டே வசனத்தைச் சொன்னார். எத்தனையோ முறை கோதிய அதே கை. ஜூலியட்டாக இருந்த பெண் அந்தக் கையிலிருந்து தலையை மெல்ல விலக்கிக்கொண்டாள். அந்த விலகலை நான் சொல்லித் தரவில்லை. அந்த அம்மா அவ்வளவு அன்போடு சொன்னதால் அது வந்தது.

கடிதத்தைப் பற்றி. முழு நாடகத்திலும் யாரும் தேர்ந்தெடுக்காமல் நடக்கும் பெரிய சம்பவம் அது ஒன்றே என்று தோன்றும். மாண்டுவாவுக்குக் கடிதம் கொண்டுபோன துறவி ஜான், துணைக்கு இன்னொரு துறவியைத் தேடி ஒரு வீட்டுக்குப் போகிறார். அங்கே கொள்ளைநோய் என்ற சந்தேகத்தில் காவல்காரர்கள் கதவை அடைத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். 1592 முதல் 1594 வரை லண்டனில் பெரும்பாலும் நாடகக் கொட்டகைகளே கொள்ளைநோயால் மூடிக்கிடந்தன. நாடகம் எழுதப்பட்டது அதை ஒட்டித்தான். அடைத்த கதவு என்றால் என்ன என்று அன்றைய பார்வையாளருக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது. நம்மிடம் 2020க்கு முன் அந்தக் காட்சி செய்தியாக மட்டும் கடந்து போகும். கொரோனாவில் தெருவைத் தகரம் வைத்து அடைத்ததையும் கதவில் நோட்டீஸ் ஒட்டியதையும் பார்த்த பிறகு, ஜான் வாயைத் திறந்ததுமே அரங்கில் சின்னதாக ஒரு முனகல் எழுகிறது.

ஆனாலும் அந்த விபத்தின் அடியில் ஒரு தேர்வு இருக்கிறது, கூர்ந்து படித்தால் தெரியும். ரோமியோவை மாண்டுவாவுக்கு அனுப்பும்போது, இங்கே நடப்பதை உன் ஆள் வழியாகவே அவ்வப்போது சொல்லி அனுப்புகிறேன் என்று லாரன்ஸ் வாக்குக் கொடுக்கிறார். பிறகு கடிதத்தைக் கொடுத்தது சக துறவியிடம். ரோமியோவின் ஆள் பல்தசாருக்கு விஷயமே தெரியாது. அவன் ஜூலியட்டை அடக்கம் செய்ததைப் பார்த்துவிட்டு, எஜமான விசுவாசத்தில், குதிரையில் பறந்து போய்ச் சாவுச் செய்தியைச் சொல்கிறான். கடிதம் எதுவும் உண்டா என்று ரோமியோ இரண்டு முறை கேட்கிறான். அந்த இரண்டாவது கேள்வியை வெட்டாதீர்கள் என்று இந்த நாடகத்தை எடுக்க வரும் இளையவர்களிடம் கேட்டுக்கொள்வேன். அவன் விஷம் வாங்குவதற்கு முன் நம்பிக்கைக்கு ஒரு வாய்ப்புத் தந்து பார்க்கிறான்.

கல்லறைக் காட்சியில் எல்லா இயக்குநர்களுக்கும் ஒரு சபலம் வரும். ஜூலியட் கொஞ்சம் முன்னால் விழிக்கக் கூடாதா? கதையை முன்பே சொன்ன இத்தாலியர்கள் தா போர்த்தோவும் பந்தெல்லோவும் ரோமியோ சாவதற்குள் அவளை எழுப்பிவிடுகிறார்கள். டேவிட் காரிக் 1748இல் லண்டனில் இருவரும் பேசிக்கொள்ள ஒரு பகுதியையே எழுதிச் சேர்த்தார். நூறு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட மேடைகளில் அதுவே ஓடியது. 1996இல் வந்த பாஸ் லூர்மனின் படத்திலும் அவன் குடிக்கும் நேரத்தில் அவள் கண் விழிக்கிறாள். அழ வைக்கும் வழிதான். ஷேக்ஸ்பியர் அந்த ஆறுதலைத் தரவில்லை. நானும் தர மறுக்கிறேன். இருவரும் தனித்தனியாக, மற்றவர் உதவியின்றி முடிவெடுக்கிறார்கள் என்பதே இந்த முடிவின் உயிர். ரோமியோ அவள் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருப்பதைப் பார்க்கிறான், வாய்விட்டும் சொல்கிறான். உயிர் திரும்பிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது, அவனுக்குத்தான் தெரியவில்லை. அந்த இடத்தில் நடிகன் பக்கத்தில் போய் உண்மையாகவே பார்க்க வேண்டும், அவசரப்படக் கூடாது. கூத்துக்களத்துக் கிழவிகளின் “போகாதடா” அங்கே கேட்கும். ஒரு முறை வெளிப்படையாகவே கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், “இருய்யா” என்றது.

அசையாமல் படுத்திருப்பது ஜூலியட் நடிகைக்குக் கடுமையான வேலை. பாரிஸின் பூ, சண்டை, ரோமியோவின் நீண்ட பேச்சு எல்லாம் முடியும்வரை மார்பு ஏறி இறங்கக் கூடாது. வயிற்றின் அடியில் மூச்சு வைக்கப் பழக்குவோம். மார்பில் கனமான மடிப்புத் துணி போடுவோம். பாரிஸ் அங்கே கொல்லப்படுவதை ஜெஃபிரெல்லி 1968 படத்தில் நீக்கிவிட்டார். காதலனின் கையில் கடைசி நேரத்தில் இன்னொரு ரத்தம் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். நான் வைத்துக்கொள்கிறேன். போய்விடு, என்னைத் தூண்டாதே என்று ரோமியோ அவனைக் கெஞ்சுகிறான். பாரிஸ் போக மறுக்கிறான். பாரிஸுக்கும் ஜூலியட் மேல் அன்பு இருந்தது. பிறகு லாரன்ஸ் வருகிறார், அவள் விழித்துவிட்டாள் என்று தெரிந்தும், வெளியே ஆள் அரவம் கேட்டதும் அவளை விட்டுவிட்டு ஓடுகிறார். ஊரையே இணைக்கக் கனவு கண்ட நல்ல மனிதர் அந்த ஒரு நிமிடம் நின்றிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

கடைசியில் லாரன்ஸ் நடந்ததையெல்லாம் இளவரசரிடம் சொல்லும் நீண்ட பேச்சைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். பார்வையாளருக்கு எல்லாம் தெரிந்ததுதானே என்பார்கள். மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாதே! தங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்பதே காபுலெட் தம்பதிக்கு அப்போதுதான் தெரிகிறது. ஒரு நாள், ஒரு சம்மதம், ஒரு கடிதம் என்று ஒவ்வொன்றாக அவர்கள் காதில் விழுகிறது. அந்தப் பேச்சு முழுவதும் நான் துறவி மேல் வெளிச்சத்தைக் குறைத்து, கேட்பவர்கள் மேல் வைப்பேன். அண்ணன் அந்த இடத்தில் வேறெதுவும் செய்யாமல் கேட்டார்.

புரூக்கின் கவிதையில் தண்டனை தெளிவாக உண்டு: செவிலி நாடு கடத்தப்படுகிறாள், விஷம் விற்றவன் தூக்கிலிடப்படுகிறான். ஷேக்ஸ்பியரின் இளவரசர் சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்று சொல்லி முடித்துவிடுகிறார். யார் யாருக்கு என்று சொல்வதில்லை. கடைசி ஒத்திகையில் நடிகர்கள் வட்டமாக உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைத் தாங்களே எழுத வேண்டும் என்பது எங்கள் குழு வழக்கம். அந்த ஆண்டு பேச்சு நீண்டுகொண்டே போனது. இளையவர்கள் துறவியைப் பிடித்துக்கொண்டார்கள். செவிலி அம்மா, “எனக்குத் தண்டனை சரிதான். புள்ள மடியில வந்து விழுந்தப்ப, அவ என்ன கேக்குறான்னு நான் கேக்கல” என்றார். அண்ணன் தாளை எடுத்துப் புதன்கிழமை என்று மட்டும் எழுதி என்னிடம் கொடுத்தார். அதன் பிறகு நடந்த காட்சிகளில், மனைவி வியாழன் போதும் என்று சொல்லும் இடத்தில் அவர் ஒரு விநாடி நின்று, அவள் சொல்வதைக் கேட்டு, யோசித்து, பிறகுதான் வேண்டாம் என்றார்.